கறை குடித்த மேசை

மரத்துக்கும் பசி உண்டு என்பதும், பசியோடு இருக்கும் மரத்தில் சாயத்தைத் தடவினால் அது அள்ளி அள்ளிக் குடித்து உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகிப் போகும் என்பதும் தூத்துக்குடி நங்கூரத் தெரு ஹூபர்ட் கொரைராவுக்குத் தெரியாத சங்கதி இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கப்பலில் இயந்திரங்களைப் பொதிந்து வரும் பெட்டிகளைப் பிரித்துப் போட்டால் கிடைக்கும் பைன் பலகைகளை மலிவாக வாங்கி வந்து, ஸ்டூல், அலமாரி, மாதா சுரூபம் வைக்கிற மாடம் என்று எதையாவது செய்துகொண்டே இருப்பார். தேக்கு பெரிய மனுஷன், கொடுத்ததை அளவாக வாங்கிக்கொள்ளும் என்பார். பைன் அப்படியில்லை, கல்யாணப் பந்திக்கு ரெண்டு நாள் பட்டினி கிடந்து வந்தவன் மாதிரி ஓரிடத்தில் அள்ளி விழுங்கும், ஓரிடத்தில் தொட்டுக்கூடப் பார்க்காது. அதனால் அதற்கு முதலில் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் தண்ணீராய்க் கரைத்து ஒரு பூச்சுக் கொடுத்து, அரை வயிறு நிரப்பி, காய்ந்ததும் பொடி உப்புத்தாளால் ரேகை ஓடும் போக்கிலேயே மெல்லத் தடவிவிட்டு, பிறகுதான் சாய டப்பாவைத் திறக்க வேண்டும். இத்தனையும் தெரிந்த மனிதர்தான் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைக் கெடுத்துக்கொண்டார். ஆனைக்கும் அடி சறுக்கும்.

பழி முழுவதையும் அவர் தலையில் போட்டால் பாவம். பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருநாள் முடிந்து பங்குச்சாமி வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வருகிற நாட்கள் அவை. மீன்பிடி வள்ளமானாலும் வலையானாலும் மிக்ஸியானாலும் தீர்த்தம் படாமல் அந்தத் தெருவில் எதையும் புழங்க மாட்டார்கள். மேசை அப்போதுதான் இழைத்து, தேய்த்து, பிள்ளையின் கன்னம் போல வழுவழுவென்று, ஒரு பூச்சும் காணாமல் கூடத்தின் நடுவே நின்றது. சாமி சுவர்களுக்குத் தெளித்துவிட்டுத் திரும்பும்போது ஹூபர்ட்டின் மனைவி பெர்னதெத் சும்மா இருந்திருக்கலாம்.

"சாமி, அப்படியே இந்த மேசைக்கும் ஒரு துளி" என்றாள்.

"ஏ, வேண்டாம். வெறும் மரமா கெடக்கு. தண்ணி படக் கூடாது" என்று ஹூபர்ட் பதறினார்.

"தீர்த்தம் ஒங்களுக்குத் தண்ணியா?" என்றாள் பெர்னதெத்.

சாமி தாராளமான கைக்காரர். மேசை முழுக்கச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. விழுந்த இடமெல்லாம் மரத்தின் நார் மயிராய் எழுந்து நின்றதை ஹூபர்ட் மட்டும் பார்த்தார். காய்ந்த பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போனால், பெர்னதெத் மேசைக்குக் குறுக்கே கையை விரித்து நின்றாள். "மந்திரிச்ச இடத்தச் சொரண்டப் போறியளா? நரகத்துக்குப் போற வழி உங்களுக்கு வேற தெரியலையா?" சரி, அரக்குப் பூச்சாவது கொடுக்கலாமென்றால், ஜெபத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், ஸ்பிரிட் நாற்றம் ஆகாது என்றாள். கல்யாணம் ஆன ஆண்களுக்கு மரத்தைப் பற்றித் தெரிவது ஒன்று, வீட்டில் நடப்பது ஒன்று. ஹூபர்ட் நேராக வால்நட் சாயத்தை எடுத்துத் தடவினார். தீர்த்தம் விழுந்த இடமெல்லாம் கருத்து, மற்ற இடமெல்லாம் வெளுத்து, மேசை பெரியம்மை வந்து தேறினவனைப் போல நின்றது. தெரு வந்து பார்த்தது. இது மன்னார்த் தீவு, இது திருக்கை மீன் என்று ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு பெயர் வைத்து, காப்பி குடித்துவிட்டுப் போனது.

எதிர்வீட்டு சலேத் அக்கா ஒருநாள் துவைக்கக் கொண்டுபோன துணிக்கூடையை அந்த மேசைமேல் இறக்கிவைத்துவிட்டுப் பேச உட்கார்ந்தாள். பேசி முடித்து எடுத்தால், கூடையிலிருந்து மேசைமேல் தொங்கிக் கிடந்த பேரனின் பள்ளிச் சட்டையிலிருந்த கணவாய் மீனின் மைக்கறை முழுக்கப் போய், சட்டை கடையில் வாங்கினது போல இருந்தது. துணிக்குக் கீழே இருந்த திட்டு மட்டும் கொஞ்சம் கருத்திருந்தது. கணவாய் மை எந்தச் சோப்புக்கும் போகாது என்பது கடற்கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். சலேத் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மந்திரிச்ச மேசையில்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மீதிக் கறைத்துணிகளையும் எடுத்து வந்தாள்.

அதற்குப் பிறகு தெரு அந்த மேசையைக் குழாயடி போலப் பழகிக்கொண்டது. வாழைக்கறை பட்ட வேட்டிகள் வந்தன, மஞ்சள் ஏறிய சேலைகள் வந்தன, வெற்றிலைச் சாறு தெறித்த சட்டைகளும் டீசல் குடித்த கால்சட்டைகளும் பிள்ளை பெற்ற வீட்டுத் துணிகளும் வந்தன, மேசை எல்லாவற்றையும் குடித்தது, குடித்துக் குடித்துக் கருத்தது, கருத்த இடம் போதாதென்று வெளுத்த இடங்களிலும் புதுத் திட்டுகளை விரித்துக்கொண்டது. ஈரத் துணி போடக் கூடாது, உள்ளாடை கொண்டுவரக் கூடாது, பூசை நேரத்தில் கதவைத் தட்டக் கூடாது என்று பெர்னதெத் சட்டம் போட்டாள். சோப்புக் கடைக்காரர் இரண்டு தடவை வந்து சண்டை பிடித்தார். மூன்றாம் தடவை தன் சட்டையையும் கொண்டுவந்தார். ஒருநாள் மத்தியானம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து சாமியே தேநீர் கொட்டிய அங்கியைப் பையில் மறைத்து எடுத்து வந்தார். ஹூபர்ட்டும் பெர்னதெத்தும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவருக்கு மரியாதை செய்தார்கள்.

துணியிலிருந்து கறை போகும்போது, கறை பட்ட நாளும் அந்தத் துணிக்காரரின் மனசிலிருந்து கூடவே போனது. அதை யாரும் கவனிக்கவில்லை. மறந்துபோனது என்னவென்று மறந்தவனுக்கு எப்படித் தெரியும்? சலேத்தின் புருஷன் லூயிசும் அவர் தம்பி சவேரியும் அப்பா விட்டுப்போன வள்ளத்தில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு கல்யாணப் பந்தியில் சண்டை போட்டு, ஒருவர் மேல் ஒருவர் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டு, அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். இரண்டு வேட்டியும் மேசைக்கு வந்து வெளுத்துப் போன மறுவாரமே அவர்கள் ஒரே தட்டில் சூரை மீன் தின்ன ஆரம்பித்தார்கள். பெண்டாட்டிகள் இரண்டு பேருக்கும் சண்டை நன்றாக நினைவிருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் குழம்பை ஊற்றினார்கள்.

ஹூபர்ட்டுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் நினைத்தார்.

பெர்னதெத்தின் தகரப் பெட்டியில் ஒரு சின்ன வெள்ளைச் சட்டை இருந்தது. அவர்களுடைய ஒரே மகன் டெரன்ஸ் புது நன்மை வாங்கிய அன்று, அதாவது பூசையில் முதன்முதலாக ஆண்டவரின் அப்பத்தை நாவில் வாங்கிய அன்று, போட்டது. பூசை முடிந்து வெளியே வந்ததும் ஹூபர்ட் கோயில் வாசலில் நாவற்பழம் வாங்கிக் கொடுக்க, பையன் தின்றுவிட்டு இரண்டு கையையும் நெஞ்சில் துடைத்துக்கொண்டான். பெர்னதெத் விருந்துச் சாப்பாடு முடியும்வரை அப்பனையும் மகனையும் சேர்த்து ஏசினாள். அந்த வருஷ ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து பையன் போய்விட்டான். அதிலிருந்து முப்பது வருஷமாக அந்த வீட்டுக்குள் நாவற்பழம் நுழைந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் மாதா திருநாளன்று அவள் அந்தச் சட்டையை எடுத்து, முகர்ந்து, ஊதாக் கறையை விரலால் தடவி, "வெள்ளச் சட்டையில போயி" என்று கொஞ்ச நேரம் ஏசிவிட்டு, அழுது, மடித்து வைப்பாள். ஹூபர்ட் அடுக்களையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சட்டையாவது வெளுக்கட்டுமே என்று அவருக்குப் பட்டதில் என்ன தப்பு? அவள் மீன் வாங்கப் போயிருந்த ஒரு காலையில் சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். மேசை நிதானமாகக் குடித்தது. பழையபடி மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, திருநாள் அன்று அவள் முகம் எப்படி மலரும் என்று நினைத்து ரகசியமாகச் சந்தோஷப்பட்டார்.

நாவற்பழக் காலம் வந்தது. கூடைக்காரி தெருவில் கூவிக்கொண்டு போனாள். அந்த வீட்டு வாசலில் மட்டும் அவள் குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். அன்றைக்கு பெர்னதெத் ஓடிப்போய் அவளை நிறுத்தி ஒரு படி பழம் வாங்கினாள். கழுவி, உப்புப் போட்டுக் குலுக்கி, நாக்கெல்லாம் ஊதாவாகத் தின்றுகொண்டு, "என்னங்க பாக்கிய, எடுத்துக்கிடுங்க. எத்தன காலமாச்சு இதத் தின்னு!" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஹூபர்ட் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். கோயில் வாசலில் பழம் தின்ற அந்த நாளை இனி உலகத்தில் நினைத்திருப்பது தான் ஒருவன்தான் என்று அவருக்குப் புரிந்தது.

அதோடு போயிருந்தால்கூட அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். சிரிக்கிறவளை எதற்காக அழவைக்க வேண்டும்? மாதா திருநாள் அன்று அவள் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது டெரன்சுக்குப் புது நன்மைக்குத் தச்சதுல்லா?"

"ஆமா."

"புதுசா இருக்கு. ஒடுத்தவே இல்லையே." அவள் குரல் இறங்கிப் போனது. "அப்பம் எம்புள்ள நன்மை வாங்காமலா போயிட்டான்?"

வாங்கினான் என்று ஹூபர்ட் சொன்னார். மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு வரிசையில் மூன்றாவதாக நின்றான் என்று சொன்னார். பழம் வாங்கிக் கொடுத்தது, துடைத்தது, அவள் ஏசியது எல்லாவற்றையும் சொன்னார். மேசையில் சட்டையை விரித்ததையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நான் மனசு ஆறணும்னு சொல்லுதிய" என்றாள். சாமியும் கோயிலின் பழைய ஏட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "எல்லாருஞ் சொல்லுதாவ சாமி. நான் பாத்த மாதிரி எனக்கு இல்லையே. ஆசுபத்திரி ஞாபகம் இருக்கு. சவப்பெட்டிய மூடுனது ஞாபகம் இருக்கு. பெத்தவளுக்கு அது மட்டுந்தானா மிச்சம்?" அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. யாராவது கறைத்துணியோடு வந்தால் மட்டும் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஹூபர்ட் மேசைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து யோசித்தார். திட்டைப் போக்க எல்லாருக்கும் தெரிந்த வழி தேய்த்து எடுப்பது. ஓர் ஓரத்தில் அவருடைய கைக்குட்டையிலிருந்து போன கிரீஸ் கறை ஒன்று இருந்தது. சோதனைக்கு அதை உப்புத்தாளால் தேய்த்தார். தூள் எழும்பியது, டீசலும் உப்புக்காற்றும் கலந்த வாசனை கூடத்தில் ஒரு நிமிஷம் நின்றது, யாரோ கிரேனுக்குக் கீழேயிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போலிருந்தது, ஜன்னல் வழியாக எல்லாம் போய்விட்டது. அது எந்த நாள், கூப்பிட்டது யார் என்று சாகும்வரை அவருக்குத் தெரியப் போவதில்லை. அவர் உப்புத்தாளைத் தூக்கி எறிந்தார்.

பசியாய் இருக்கிற விருந்தாளியிடம் சேதி கேட்கக் கூடாது என்பது பழக்கம். முதலில் கையைக் கழுவச் சொல்லி, சோற்றைப் போட்டு, போதும் போதும் என்று இலையை மறிக்கும்வரை போட்டு, அப்புறம்தான் 'என்ன விஷயம்' என்று கேட்க வேண்டும். இந்த மேசைக்குச் சோறே போடாமல் தெருவின் அழுக்கையெல்லாம் குடிக்கவைத்தோமே என்று ஹூபர்ட்டுக்கு உறைத்தது. அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டிய பூச்சை இன்றைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தார். ஆனால் குடித்ததையெல்லாம் அது திருப்பித் தந்துவிட்டால் மற்றவர்கள் கதி என்ன? தெருவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

தெரு சத்தம் போட்டது. நல்ல சேலைகள் பாழாகும் என்றார்கள். எதை மறந்தோம் என்றே தெரியாதபோது எதற்கு அது திரும்பி வர வேண்டும் என்றார்கள். லூயிசும் சவேரியும் தோளில் கை போட்டு நின்றுகொண்டு, "எங்களுக்கு என்ன, வந்தா வரட்டுமே" என்றார்கள்.

"அண்ணே, வேண்டாம்" என்று சலேத் ஹூபர்ட்டைத் தனியே இழுத்துக் கேட்டுக்கொண்டாள். "கொழம்புக் கறை வந்தா அதுகூட எல்லாம் வந்துரும். இப்பதான் ரெண்டும் ஒண்ணா சோறு திங்குதுவ."

உள்ளறையிலிருந்து பெர்னதெத்தின் குரல் கேட்டது. "எம்புள்ள வாயில ஆண்டவர் போனாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்று அவள் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சலேத் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஊத்துங்க அண்ணே. ஆம்பளைங்க சண்டய நாங்க பாத்துக்கிடுதோம்."

சனிக்கிழமை மத்தியானம் ஹூபர்ட் அரக்கைக் கரைத்து, பஞ்சைத் துணியில் சுற்றி நனைத்து, ரேகை ஓடும் போக்கிலே முதல் பூச்சைக் கொடுத்தார். மேசை அதைக் குடித்தது. இரண்டாவதைக் குடித்தது. காய்கிறவரை காத்திருக்கவே தேவையில்லாமல் குடித்தது, வாங்கிவைத்த அரக்கு தீர்ந்தது, கடையில் இருந்தது தீர்ந்தது, தெருவில் ஜன்னலுக்கு அடிக்க வாங்கி மறந்துபோன டப்பாக்கள் பரணிலிருந்து இறங்கி வந்தன, சோப்புக் கடைக்காரர் ஒரு பாட்டில் ஸ்பிரிட் கொண்டுவந்தார், சலேத் ஒரு பொட்டலம் அரக்கு கொண்டுவந்தாள், லூயிசும் சவேரியும் தங்களுக்கு வரப்போவது தெரியாமல் ஆளுக்கொரு மூலையில் நின்று துணியால் தடவினார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில், போட்ட ஒரு பூச்சு உள்ளே இறங்காமல் மேலேயே நின்று மினுங்கியது. மேசைக் காலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஏப்பம் என்று அதைத் தெரு சொல்லிக்கொண்டது.

"சாப்பிட்டாச்சுல்லா?" என்றார் ஹூபர்ட் மேசையிடம். "இனிச் சொல்லு."

மேசை மினுங்கிக்கொண்டே நின்றது. எல்லாரும் கலைந்து போனார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெர்னதெத் அந்தச் சின்னச் சட்டையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு பூசைக்கு வந்தாள். செத்துப்போன பிள்ளைக்கு இப்போதாவது நன்மை கொடுக்க வழி உண்டா என்று சட்டையைக் காட்டிச் சாமியிடம் கேட்கப் போவதாகச் சொன்னாள். வழி இல்லை என்று ஹூபர்ட்டுக்குத் தெரியும். கூடவே நடந்தார்.

நன்மைக்கு மணி அடித்தபோது அது நடந்தது. முன்வரிசையில் ஒரு வேட்டியில் வாழைக்கறை பூத்தது. பக்கத்துச் சேலையில் மஞ்சள் பரவியது. பள்ளிப் பிள்ளைகளின் சட்டைகளில் மை, பாட்டுக்காரர்கள் மேல் வெற்றிலை, சோப்புக் கடைக்காரர் மேல் பெயின்ட் என்று கோயில் முழுக்கக் கறைகள் அவரவர் துணிக்குத் திரும்பி வந்தன. கறையோடு நாளும் வந்தது. ஒருத்தி திடீரென்று தன் பிரசவ வலியை நினைத்துக் கன்னத்தில் கை வைத்தாள், ஒருவர் செத்துப்போன சிநேகிதனின் பெயரைச் சொல்லிக் கேவினார். ஆண்கள் பக்கத்தில் குழம்பு நாறியது. லூயிசு மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பி, "நீ அன்னைக்கு என்னலே சொன்ன?" என்றார். அப்பத்தை உயர்த்திப் பிடித்திருந்த சாமியின் நெஞ்சில் தேநீர் இறங்கியது. அவர் கண்ணைத் தாழ்த்தாமல் பூசையைத் தொடர்ந்தார்.

ஹூபர்ட் யாரையும் பார்க்கவில்லை. பெர்னதெத்தின் மடியைப் பார்த்தார். பையிலிருந்து அவள் சட்டையை உருவினாள். நெஞ்சுப் பக்கத்தில் முதலில் ஒரு விரல் தெரிந்தது, பிறகு ஐந்து விரலும் தெரிந்தன, பிறகு இரண்டு சின்னக் கைகள், ஊதாவாக, ஈரமாக, இப்போதுதான் துடைத்தது போல.

பெர்னதெத் எழுந்து நின்றாள். கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, முப்பது வருஷத்துக்கு முந்தைய தொண்டையோடு, "எலே டெரன்சு! ஆண்டவர வாங்கி நாக்குகூடக் காயலியே, அதுக்குள்ள என்னலே அவசரம்? வெள்ளச் சட்டையில போயித் தொடைக்கிய?" என்று ஏசினாள். ஏசிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். "வாங்கிக் குடுத்தது நீங்கதான?"

"நாந்தான்" என்றார் ஹூபர்ட். ஏச்சு வாங்குவதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

லூயிசும் சவேரியும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒரே தட்டில் தின்ற நாட்களை எந்த மேசையும் குடித்திருக்கவில்லை. அவையும் உள்ளே கிடந்தன. சூரை மீன் வாசனை வந்த ஒரு சாயங்காலம் சவேரி தட்டோடு அண்ணனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சலேத் குழம்பைக் கொஞ்சம் தள்ளியே வைத்தாள்.

மேசையோ விளிம்பு முதல் விளிம்பு வரை ஒரே சீரான வால்நட் நிறமாகி, கையை வைத்தால் கை தெரிகிற பளபளப்போடு, எந்தக் கறையையும் தொடாத சாதாரண மேசையாக நின்றது. ஹூபர்ட் ஆரம்பத்தில் ஆசைப்பட்டதும் இதுதான். யாரும் அதை இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

பழக் காலம் முடிகிற சமயம் கூடைக்காரி தெருவில் வந்தாள். அந்த வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் குரலைப் பாதி தாழ்த்தினாள். பெர்னதெத் அவளைக் கூப்பிட்டுப் படியை நீட்டினாள். பழத்தைக் கழுவி, உப்புப் போட்டுக் குலுக்கி, மேசை நடுவில் வைத்தாள். அவள் கண் கலங்கித்தான் இருந்தது. ஹூபர்ட் கையை நீட்டியதும் அந்தக் கையில் ஓர் அடி போட்டாள்.

"மொதல்ல அந்த வெள்ளச் சட்டயக் கழத்துங்க."

அவர் கழற்றி, நாற்காலியில் மாட்டிவிட்டு, வந்து உட்கார்ந்தார்.